பற்றிமா என்னை எங்கும் கொண்டுபோய் விடவில்லை

சே. ம. சூ.

விபோர்க், டென்மார்க்
18.12.1986

அன்புள்ள தங்கை மேரிசெலினுக்கு,

அக்கா விக்ரோரியா, ஆண்டவருடைய கிருபையினாலும் இரண்டு சோடிக் கம்பளிக் காலுறையினாலும் நலமாயிருந்து எழுதிக்கொள்வது. உன் சுகத்தையும், உன் முழங்காலின் சுகத்தையும், கொட்டாஞ்சேனை வீட்டுக் கூரை ஒழுக்கின் சுகத்தையும் விரிவாக விசாரிக்கத்தான் இருந்தேன். அதற்கு முன் ஒரு பொய்யைத் திருத்த வேண்டியிருப்பதால் விசாரிப்புகளைக் கடிதத்தின் அடிக்குத் தள்ளியிருக்கிறேன். குறை நினைக்காதே.

என்னை வயோதிபர் இல்லத்தில் சேர்த்துவிட்டார்கள் என்று கொட்டாஞ்சேனையில் பேசிக்கொள்கிறார்களாம். ஒருவரும் என்னை எங்கும் சேர்க்கவில்லை. போன சனிக்கிழமை பின்னேரம் இந்த ஊர் வயோதிபர் இல்லம் ஒன்றுக்குள் நான் போனது உண்மை. அங்கே சக்கர நாற்காலியில் இருந்ததும் உண்மை. கழுத்தில் துணி கட்டி எனக்குப் பாற்சோறு தந்ததும் உண்மை. ஆனால் இந்த உண்மைகளையெல்லாம் கூட்டினால், லூர்தம்மா உன் அடுத்த தெருவிலிருக்கும் தன் தங்கைக்குத் தொலைபேசியில் சொன்ன விடை வராது. லூர்தம்மா நல்ல பெண். ஞாயிறு தவறாமல் பூசைக்கு வருகிறாள், வாராவாரம் ஊருக்குத் தொலைபேசி எடுக்கிறாள். இரண்டாவதைச் சற்றுக் குறைத்தால் முதலாவதன் பலன் கூடும்.

செவ்வாய்க்கிழமை நீ பற்றிமாவுக்குத் தொலைபேசி எடுத்து என்ன சொன்னாய் என்று அவள் எனக்குச் சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை. நீ பேசும் சத்தத்துக்கு டென்மார்க் வரை கம்பி இழுத்ததே வீண் செலவு. குசினிக்குள் நின்ற எனக்கே கேட்டது. "என்ர அக்காவை வெள்ளைக்காரற்றை மடத்திலை தள்ளிப்போட்டு நீ நத்தார் கொண்டாடப்போறியோ? இனி எனக்கு மகள் எண்டு ஒருத்தி இல்லை" என்றாய். நான் கை கழுவிக்கொண்டு ஓடி வருவதற்குள் நீ வைத்துவிட்டாய். அவள் றிசீவரைப் பிடித்தபடி நின்றாள். "ஆரடி பிள்ளை?" என்று கேட்டேன். "றோங் நம்பர், பெரியம்மா" என்றாள். பெற்ற தாயை றோங் நம்பர் என்று சொல்லிவிட்டு, முகம் கழுவி, பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டாள். அன்றிலிருந்து அவள் வேலைக்குப் போகிறாள், வருகிறாள், சமைக்கிறாள். ஆனால் கேக்குக்கு ஊறவைத்த பிளம்ஸ் போத்தல் அப்படியே இருக்கிறது. எப்போது கேக் அடிக்கப்போகிறாய் என்று மருமகன் பேனாட் கேட்டதற்கு, "இந்த முறை கடையிலை வாங்குவம்" என்கிறாள். நம்முடைய வீட்டில் நத்தாருக்குக் கடைக் கேக்! அம்மா இருந்திருந்தால் அதற்கே பாவசங்கீர்த்தனம் செய்யச் சொல்லியிருப்பா.

ஆகவே நடந்ததை நடந்த ஒழுங்கில் எழுதுகிறேன். நீ சின்ன வயதிலிருந்தே கதைப்புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை முதலில் வாசிக்கிறவள். இந்தக் கடிதத்தைத் தயவுசெய்து அப்படி வாசிக்காதே.

எல்லாம் நத்தாருக்கு முந்திய நாலு வாரத்தால், இந்த ஊர் ஆகமன காலத்தால் வந்தது. நாம் இருவரும் இளவாலைக் கன்னியர் மடத்தில் படித்த நாட்களில் ஆகமன காலம் என்றால் என்ன? வாய்க்கட்டு, மௌனம், ஒவ்வொரு நற்செயலுக்கும் பாலன் குடிலில் ஒரு வைக்கோல். பாலன் பிறக்கும்போது குளிராமல் படுக்க வேண்டும் என்று நாமெல்லாம் வைக்கோல் சேர்க்க, நீ விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குப் பிடுங்கிப் போட்டாய். மதர் அதைக் கண்டுபிடித்து, "மேரிசெலினுடைய நற்செயல்கள் பாலனுக்குக் குத்தும்" என்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. இந்த ஊரில் ஆகமன காலம் என்றால் வெளியே போவது. நாலு வாரமும் சனி ஞாயிறு வந்தால் பிள்ளைகளுக்குச் சட்டைக்கு மேல் சட்டை போட்டு எங்கேயாவது கூட்டிப்போகிறார்கள். இது தபசு காலமல்லவா என்று பேனாட்டிடம் கேட்டேன்.

"மாமி, நீங்கள் சொல்லுறது சரிதான்," என்றார். "ஆனா திங்கட்கிழமை பள்ளிக்கூடத்திலை ரீச்சர் ஒவ்வொரு பிள்ளையாக் கேப்பா, வீட்டுக்காரரோடை எங்கை போனீங்கள் எண்டு. போன வருசம் எமிலியா எழும்பிச் சொல்லியிருக்கிறாள், அப்பா நித்திரை கொண்டவர் எண்டு. நான் இரவு வேலை செய்துபோட்டுப் படுத்தனான் எண்டதை ஆர் விளங்கப்படுத்துறது?"

தகப்பனுடைய மானம் போகக்கூடாது என்று நானும் புறப்பட்டேன். உன் பேத்தி எமிலியாவுக்கு எட்டு வயது, நன்றாக வாய் கொடுக்கிறாள். பேரன் அன்ரனுக்கு நாலு. நான் தமிழில் கேட்டால் டேனிஷில் பதில் சொல்லிவிட்டு, எனக்கு விளங்கவில்லை என்று என்மேல் இரக்கப்படுகிறான்.

முதல் ஞாயிறு, நகரத்துச் சதுக்கத்தில் மரத்துக்கு விளக்கேற்றுகிறார்கள் என்று போனோம். என் உடுப்பை நீ பார்த்திருக்க வேண்டும். நீலக் கரைச் சேலை, அதற்குள் பேனாட்டின் பழைய காற்சட்டை, மேலே பற்றிமாவின் அங்கி, காலில் சப்பாத்து என்று சொல்ல முடியாத ஏதோ ஒன்று. பற்றிமா குந்தியிருந்து என் காலுக்குப் பிளாஸ்ரிக் பை சுற்றி அதற்குமேல் மாட்டிவிட்டாள். சதுக்கத்தில் யாரோ பெரிய மனிதர் பேசினார், வாத்தியம் வாசித்தார்கள், விளக்கு எரிந்தது, எல்லோரும் ஆ என்றார்கள். அந்த ஆ என்பதில் நானும் சேர்ந்துகொண்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. பிறகு தீயணைக்கும் வண்டியின் மேலேறி நத்தார்ப் பாப்பா வந்தார். அர்ச்சிஷ்ட நிக்கொலாஸ் ஒரு ஆயர் என்பது இங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. நான் அவரிடம் நல்ல ஆங்கிலத்தில், உங்களுடைய ஆயர் தொப்பி எங்கே என்று கேட்டேன். அவர் எனக்கு ஒரு தோடம்பழம் தந்தார்.

அதுவரை சரி. தோடம்பழத்தோடு திரும்பும்போதுதான் ஒரு வெதுப்பகத்தின் வாசலில், குளிரில், தள்ளுவண்டிக்குள் தனியே ஒரு கைக்குழந்தை கிடப்பதைக் கண்டேன். சுற்றிலும் ஒருவருமில்லை. மூக்கு மட்டும் சிவப்பாகத் தெரிகிறது. யாரோ பெற்றுப்போட்டுவிட்டு ஓடிவிட்டார்கள் என்றுதான் எந்தக் கிறிஸ்தவளும் நினைப்பாள். செபமாலையை எடுத்து ஒரு காரணிக்கம், பத்து மணியும், சொல்லும்வரை காவல் நின்று பார்த்தேன். ஒருவரும் வரவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு வெதுப்பகத்துக்குள் போய், "இந்தக் குழந்தைக்கு யார் பொறுப்பு?" என்று உரத்துக் கேட்டேன். மூலையில் கோப்பி குடித்துக்கொண்டிருந்த ஒருத்தி பாய்ந்து வந்தாள். அவள் கத்தினாள், குழந்தை விழித்துக் கத்தியது, அன்ரனும் துணைக்குக் கத்தினான்.

எமிலியா என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். "பெரியம்மம்மா, விடுங்கோ! இஞ்சை பேபியளை வெளியிலைதான் நித்திரையாக்கிறது. அதுதான் உடம்புக்கு நல்லமாம்."

"ஆர் சொன்னது?"

"எல்லாரும்."

"எல்லாரும் சொன்னால் அது உண்மையாகிவிடுமோடி?"

பற்றிமா வந்து அந்தப் பெண்ணிடம் டேனிஷில் மன்னிப்புக் கேட்டாள். என்னை ஒரு சொல் சொல்லவில்லை. வழியில் மட்டும், "பெரியம்மா, உங்கடை கை விறைச்சுப்போச்சு, இந்தாங்கோ" என்று தன் கையுறையைக் கழற்றி என் கையில் மாட்டினாள். இந்தப் பெண்ணைத்தான் நீ மகளில்லை என்றாய். குறித்துக்கொள்.

இரண்டாவது ஞாயிறு ரயிலில் ஓகூஸ் நகரத்துக்குப் போனோம். ரயில் ஒரு நிமிஷம்கூடப் பிந்தவில்லை. உன் அத்தான் இருந்திருந்தால் மணிக்கூட்டைப் பார்த்துத் தலையை ஆட்டியிருப்பார். அங்கே பெரிய கடையொன்றின் கண்ணாடிக்குள் சிவப்புத் தொப்பி போட்ட குள்ளர்கள் விறகு வெட்டுகிறார்கள், அப்பம் சுடுகிறார்கள், ஊஞ்சல் ஆடுகிறார்கள், எல்லாம் இயந்திரம். நத்தாருக்கு இந்தக் குள்ளனுக்குப் பால் கஞ்சி வைக்காவிட்டால் கோபித்துக்கொண்டு வீட்டில் உபத்திரவம் செய்வானாம். வேதத்தைச் சீர்திருத்தினோம் என்று கத்தோலிக்கரை விட்டுப் பிரிந்துபோனவர்கள், கடைசியில் குள்ளப் பேய்க்குப் படையல் வைக்கிறார்கள்! நான் இதைப் பேனாட்டிடம் விளக்கிக்கொண்டிருக்க, அன்ரன் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றான். கண்ணாடி முழுவதும் அவன் மூச்சு. "வா தம்பி, ரெயின் போட்டுது எண்டால் இனி அடுத்ததுக்கு நிக்கவேணும்" என்று பற்றிமா இழுக்கிறாள். அவன் அசையவில்லை.

செலின், உனக்கு நினைவிருக்கிறதா? பற்றிமாவுக்கு அப்போது ஏழு வயது. நத்தாருக்கு முந்திய சனிக்கிழமை, சட்டைத்துணி வாங்க இவர் நம்மையெல்லாம் யாழ்ப்பாணம் கூட்டிப்போனார். நீ மஞ்சள் சேலை, அதற்குப் பொருந்தாத சிவப்புச் சட்டை. நான் அப்போதே சொன்னேன். ஒரு கடைக் கண்ணாடிக்குள் தகர மேளகாரன் ஒருவன், சாவி கொடுத்தால் மேளம் அடிப்பான். இதே பற்றிமா, இதே மூக்கு, கண்ணாடியை விட்டு அசையவில்லை. நான் ரயிலுக்கு நேரமாகிறது என்று பறந்தேன். வாழ்நாளெல்லாம் ஸ்ரேஷன் மாஸ்ரராக இருந்தவர், கல்யாண வீட்டு ஆட்கள் ஓடிவருகிறார்கள் என்றாலும் பச்சைக் கொடியைத் தாமதிக்காதவர், அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்தபடி, "அது போகட்டும். அடுத்தது வரும்" என்றார். நாம் ரயிலை விட்டோம். ஸ்ரேஷன் மர வாங்கில் குந்தியிருந்து கச்சான் கடலை உடைத்துச் சாப்பிட்டோம். அவர் சீருடையோடு கச்சான் கோதை மடியில் சேர்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, அங்கிருந்த ஸ்ரேஷன் மாஸ்ரர், "சூசைதாசன், நீரும் ரெயினை விட்டிட்டீரோ!" என்று சிரித்தார். அதற்குப் பிறகு எத்தனையோ நத்தார் வந்தது. அந்தச் சனிக்கிழமையைப் போல ஒன்று வரவில்லை.

ஓகூசில் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் என் வாயிலிருந்து என்னையறியாமல் வந்தது: "அது போகட்டும், பற்றிமா. அடுத்தது வரும்."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். பையனின் கையை இழுப்பதை விட்டுவிட்டாள். பிறகு நாங்கள் எல்லோரும் ஸ்ரேஷன் வாங்கில் நெருக்கியிருந்து, சீனி போட்டு வறுத்த வாதுமைக்கொட்டை சாப்பிட்டோம். "பெரியப்பா கோதையெல்லாம் மடியிலைதான் போட்டவர், என்ன?" என்றாள். இதை உனக்கு எழுதவேண்டும் என்று அன்றிரவே நினைத்தேன். இப்படியொரு கடிதத்துக்குள் எழுத வரும் என்று நினைக்கவில்லை.

இனி போன சனிக்கிழமை. டிசம்பர் பதின்மூன்று. அதற்கு முந்திய திங்கட்கிழமையே எமிலியா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, லூசியாத் திருநாளுக்கு வெள்ளைச் சட்டை வேண்டும், மெழுகுதிரி பிடித்து வரிசையாகப் போகப்போகிறோம் என்றாள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அர்ச்சிஷ்ட லூசியம்மாள்! நம்முடைய மடத்துக் கோயிலில், கையில் தட்டும் தட்டில் இரண்டு கண்ணுமாக நிற்பாவே, அந்த லூசியம்மாள். என் வலது கண்ணில் புகை படரத் தொடங்கியபோது அவவுக்குத்தான் நேர்ந்து, ஒரு சோடி வெள்ளிக் கண் வாங்கிக் கைப்பெட்டிக்குள் வைத்திருந்தேன். ஐரோப்பாவில் அவவுடைய கோயிலை எங்கே தேடுவது என்றிருந்தேன். அவவுக்குச் சுற்றுப்பிரகார ஊர்வலமே வருகிறதென்றால்? அதுவும் லுத்தரன்காரர் செய்கிறார்கள் என்றால்? இவர்கள் திரும்பி வருகிறார்கள் என்று நினைத்தேன்.

மற்றப் பிள்ளைகளெல்லாம் தகப்பன்மாருடைய வெள்ளைச் சட்டையையும் படுக்கை விரிப்பையும் மாட்டிக்கொண்டு வந்ததைப் பிறகுதான் கண்டேன். எமிலியாவுக்கு நான் தைத்தது முன்பக்கம் மடிப்பும், கையில் சுருக்கும், விளிம்பில் கைப்பின்னலும் வைத்த சட்டை. போட்டுப் பார்த்துவிட்டு, "பெரியம்மம்மா, நான் பாட்டுப் பாடத்தான் போறன், கலியாணம் கட்டவில்லை" என்றாள்.

பாட்டு, வயோதிபர் இல்லத்தில். அங்கிருக்கும் முதியவர்களுக்காகப் பிள்ளைகள் பாடுவதாம், வீட்டாரும் வரலாமாம். பேனாட்டுக்கு வேலை. பற்றிமாவும் நானும் அன்ரனும் போனோம். சுற்றுப்பிரகாரத்துக்குப் போகிறவள் போல நான் மத்தியானம் சாப்பிடவில்லை. வாசலில் அங்கியையும் அந்தச் சப்பாத்துகளையும் கழற்றி, வீட்டிலிருந்து கொண்டுபோன வீட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டேன். இன்னொருவருடைய வீட்டுக்குள் வெளிச் சப்பாத்தோடு போக நான் பழக்கப்படவில்லை. இதைக் கவனி. அங்கே வெளியாட்களெல்லாம் சப்பாத்தோடு நிற்கிறார்கள், வீட்டுச் செருப்போடு நிற்கிறவர்கள் அங்கே வசிக்கிறவர்களும் நானும்தான்.

தொடங்குகிற நேரம் பார்த்து அன்ரன், "பெரியம்மம்மா, சூ!" என்றான். தமிழில் அவன் மறக்காத சொல் அது ஒன்றுதான். இங்கே பிள்ளைகளுக்கு மாட்டும் பனி உடுப்பைக் கழற்றுவதற்கு ஒரு பூசை நேரம் செல்லும். "இதிலையே இருங்கோ பெரியம்மா, இப்ப வாறம்" என்று பற்றிமா அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். உடனே விளக்கெல்லாம் அணைந்தது.

செலின், நான் சொன்னால் நம்பமாட்டாய். இருட்டு நடையின் அந்த முனையிலிருந்து பாட்டுக் கேட்டது. பிறகு வெளிச்சம். முன்னுக்குத் தலையில் மெழுகுதிரிக் கிரீடம் வைத்த ஒரு பெண், பின்னுக்கு இரண்டு வரிசையாக வெள்ளைச் சட்டைப் பிள்ளைகள், ஒவ்வொரு கையிலும் ஒரு திரி. நடுவில் நம்முடைய எமிலியா, தாடைக்குக் கீழே வெளிச்சம் விழ, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, பற்றிமா முதல் நன்மை வாங்கப் போன அதே முகத்தோடு வருகிறாள். எனக்கு இளவாலையா விபோர்க்கா என்று தெரியவில்லை. முக்காட்டைப் போட்டேன். கைப்பையிலிருந்த என் திரியைக் கொளுத்தினேன். வரிசையின் கடைசியில் சேர்ந்து நடந்தேன். அவர்கள் பாட்டு எனக்குத் தெரியாது. சும்மா நடப்பது மரியாதையில்லை என்று நான் புனிதர்கள் பிரார்த்தனையைத் தொடங்கினேன். "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று ஒவ்வொரு முறையும் நானே சொல்லி நானே பதிலும் சொன்னேன். சக்கர நாற்காலியில் இருந்த ஒரு கிழவர் நான் கடந்து போகும்போது சிலுவை அடையாளம் போட்டார். லுத்தரன்காரர் அப்படிச் செய்வதில்லை என்று பிறகு சொன்னார்கள். எனக்குப் பயந்துதான் போட்டிருப்பார் என்கிறார் பேனாட்.

சாப்பாட்டு மண்டபத்தில் வரிசை நின்றது. நான் கிரீடக்காரிக்கு முன்னால் போய் முழந்தாளிட்டு, வெள்ளிக் கண் சோடியை அவள் கையில் வைத்தேன். அவளுக்குப் பதினாலு வயதிருக்கும். வாயில் எதையோ சப்பிக்கொண்டிருந்தாள். கண்ணைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், முழங்காலை அழகாக மடித்து நன்றி சொன்னாள். எத்தனையோ அர்ச்சிஷ்டவர்களுக்கு நேர்த்தி செலுத்தியிருக்கிறேன். வாங்கிக்கொண்டு நன்றி சொன்னவ இவ ஒருத்திதான்.

ஆனால் எழும்ப முடியவில்லை. வெறும் வயிறு, குளிர், இரண்டு முழங்காலும் ஒருமிக்கப் பிடித்துக்கொண்டது. சனிக்கிழமை வேலைக்கு வந்த ஒரு சின்னப் பெண் ஓடிவந்து, என் செருப்பைப் பார்த்து, நான் அந்த வீட்டு ஆள் என்றே முடிவுகட்டி, தூக்கிச் சக்கர நாற்காலியில் இருத்தி, மேசைக்குத் தள்ளிக்கொண்டுபோய், கழுத்தில் துணி கட்டிவிட்டாள். முன்னால் ஒரு கோப்பை பாற்சோறு, நடுவில் வெண்ணெய்க் கட்டி, மேலே கறுவாத்தூள். நான் வாய் திறந்து விளக்குவதற்கு முன் அவள் கரண்டியை என் கையில் தந்து, தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டாள். நல்ல பாற்சோறு. உப்புக் கொஞ்சம் போதாது.

பாடி முடித்த பிள்ளைகள் பக்கத்து அறைக்குப் போயிருந்த அந்த நேரம் பார்த்துத்தான் லூர்தம்மா உள்ளே வந்தாள். அவளுடைய மகளும் எமிலியாவின் வகுப்புத்தான்.

"ஐயோ விக்ரோரியா அக்கா!" நெஞ்சிலே கை வைத்தாள். "உங்களை எப்ப இஞ்சை விட்டவை?"

நான் வாயில் சோற்றோடு இருந்தேன். வாயில் சோற்றோடு பேசக்கூடாது என்று மதர் நமக்குச் சொல்லித்தந்திருக்கிறா.

"பற்றிமா எங்கை அக்கா?"

மென்றுகொண்டிருந்தேன்.

"பிள்ளையளும் வாறேல்லையோ உங்களைப் பாக்க?" அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "சொல்லாதேங்கோ அக்கா, சொல்லாதேங்கோ. எனக்கு விளங்குது. வெளிநாட்டுக்கு வந்தவுடனை எங்கடை சனமும் இப்பிடிப் போச்சுதே!"

நான் விழுங்கி, வாயைத் துடைத்து, "லூர்தம்மா, சாப்பிடுகிறவர்களிடம் கேள்வி கேட்பது அழகில்லை" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவள் என் தலையைத் தடவிவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு போய்விட்டாள். என் தலையைத் தடவுவதற்கு அவள் யார் என்ற யோசனையில் நான் இருந்தேன். அவள் நேரே வீட்டுக்குப் போய்த் தொலைபேசியை எடுப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை.

பற்றிமா இவ்வளவு நேரமும் அன்ரனைத் தூக்கிக்கொண்டு அந்தக் கட்டிடம் முழுவதும் என்னைத் தேடியிருக்கிறாள். வாசலில் அங்கி கிடக்கிறது, சப்பாத்துக் கிடக்கிறது, ஆளைக் காணவில்லை. பனிக்குள் வெறுங்காலோடு போய்விட்டேனோ என்று வெளியே ஓடி, அந்தக் கட்டிடத்தைச் சுற்றி, "பெரியம்மா! பெரியம்மா!" என்று கூப்பிட்டிருக்கிறாள். மண்டபத்துக்குள் வந்து என்னைக் கண்டபோது அவள் தலைமயிரெல்லாம் பனி. கழுத்துத் துணியோடு நான் இருந்த கோலத்தைப் பார்த்து முதலில் சிரித்தாள், பிறகு என் மடியில் முகத்தை வைத்து அழுதாள், பிறகு இரண்டையும் ஒன்றாகச் செய்தாள். அந்த ஈரம் இன்னும் என் சேலையில் கறையாக இருக்கிறது. வயோதிபர் இல்லத்தில் பெரியம்மாவைத் தள்ளிவிட்ட மகள் செய்கிற வேலையா இது? நீயே சொல்.

நாங்கள் புறப்பட எழும்பியபோது, என் பக்கத்தில் இருந்த கிழவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். பெயர் இங்கெபோர்க். தையல் ரீச்சராக இருந்தவளாம். நிமிர்ந்த முதுகு, இஸ்திரி போட்ட கழுத்துப்பட்டி. எமிலியாவைக் கிட்டக் கூப்பிட்டு, சட்டை விளிம்பைப் புரட்டி உட்பக்கத்தைப் பார்த்தாள். நம்முடைய மதர் பார்ப்பதுபோலவே, வெளிப்பக்கத்தை ஏறெடுத்தும் பார்க்காமல், உட்பக்கத்தை மட்டும். பிறகு ஏதோ சொன்னாள்.

"பெரியம்மம்மா, தையல் நல்லமாம்," என்றாள் எமிலியா. "ஆனா இதிலை ஒரு இடத்திலை விட்டுப்போச்சாம்."

"எங்கை? காட்டச் சொல்லு!"

காட்டினாள். உண்மைதான். என் வலது கண்ணுக்குத் தெரியாமல் போன இடம். இந்த ஊருக்கு வந்து இந்த ஆறு மாதத்தில், என் தையலின் உட்பக்கத்தைப் புரட்டிப் பார்த்தவர் ஒருவருமில்லை. எல்லோரும் நல்லது, அழகு, வடிவு என்பார்கள். எனக்கு இவரும் மதரும் போனபிறகு பிழை பிடிக்க ஆளில்லாமல் இருந்தது.

வெளியே வரும்போது நாலு மணிக்கே இருட்டிவிட்டது. பிள்ளைகள் பாடிக்கொண்டு முன்னால் போனார்கள். பற்றிமா என் கையைத் தன் அங்கிப் பைக்குள் வைத்துப் பிடித்துக்கொண்டு நடந்தாள். மடத்துச் சுற்றுப்பிரகாரம் முடிந்து வீட்டுக்கு வரும்போது அம்மா நம்முடைய கையை அப்படித்தான் பிடித்து வருவா. எனக்கு அந்த நடை முடியக்கூடாது என்றிருந்தது.

நடந்தது இவ்வளவுதான். இதில் பற்றிமாவின் குற்றம் எங்கே இருக்கிறது? பிள்ளைக்குச் சூ வந்தது குற்றமென்றால் அதை உன் பேரனுக்கு எழுது. உன் மகள் காலையில் வேலைக்குப் போகுமுன் என் தேநீரைப் போத்தலில் ஊற்றி மூடிவிட்டுப் போகிறவள். உன் வாயிலிருந்து வந்த வார்த்தையை ஒருவரிடமும் முறையிடாமல் றோங் நம்பர் என்று விழுங்கியவள். பாலன் பிறக்கும் நாளில் இந்த வீட்டில் ஒருத்தி தாயில்லாதவள் போல இருக்கக்கூடாது.

இனி, தள்ளிவைத்த விசாரிப்புகள். முழங்காலுக்கு எண்ணெய் போடுகிறாயா? கூரைக்காரன் வந்தானா? நத்தார்ப் பூசைக்கு முன்வாங்கில் போயிரு, பின்னுக்கு இருந்தால் நீ தூங்குவாய். கமலாதேவி ரீச்சரைக் கேட்டதாகச் சொல். பேனாட்டும் பிள்ளைகளும் உனக்கு முத்தம் அனுப்புகிறார்கள். பிறக்கப்போகும் பாலனின் ஆசீர் உன் வீட்டுக்கும், உன் நாவுக்கும் நிறைவாகக் கிடைப்பதாக.

உன் அக்கா,
விக்ரோரியா சூசைதாசன்

பி.கு.: ஒன்றை எழுதாமல் உறையை ஒட்டினால் அது பொய்க்குச் சமம். இங்கெபோர்க் பள்ளிக்கூட வழியாக எமிலியாவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள். புதன்கிழமைகளில் அந்த இல்லத்தில் பெண்கள் கூடித் தைக்கிறார்களாம், நான் வரவேண்டுமாம், என் விளிம்புப் பின்னலை அவள் சரிபார்க்க வேண்டுமாம். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆகவே புதுவருஷம் பிறந்தபின் புதன்கிழமைதோறும் பற்றிமா வேலைக்குப் போகும் வழியில் என்னைத் தன் கையாலேயே வயோதிபர் இல்லத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு, பின்னேரம் திரும்பக் கூட்டி வருவாள். அங்கே சாப்பாடும் தருவார்கள். லூர்தம்மா கண்டு சொன்னால் அந்த முறை அது உண்மை. சக்கர நாற்காலி மட்டும் இருக்காது.

பற்றிமா இன்னும் சம்மதிக்கவில்லை. "அம்மா என்னைக் கொன்றுபோடுவா. அம்மா ஓம் எண்டு சொல்லாமல் நான் உங்களை அந்த வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போகமாட்டன்" என்கிறாள். அந்த ஓமைத் தொலைபேசியில் சொல்லாதே, நீ அழுவாய், அவள் அழுவாள், நான் இருவரையும் திருத்துவேன், காசு முடிந்துவிடும். அவளுக்கு, என் பெயருக்கல்ல, அவள் பெயருக்கு, மகளே என்று தொடங்கி உன் கைப்பட எழுது. பதிலை எழுத்தில் அனுப்பு.